கண்டக்டரின் பல்செட்

கப்பலில் குப்பை அறைக்கு ஜன்னல் கிடையாது. அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேல்தளங்களில் பயணிகள் தின்று, குடித்து, துடைத்துப் போடுவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அறையின் நடுவில் நீளமான எஃகு மேசை. அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கையுறை போட்ட கைகளால் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறத்தில் பை உண்டு. சாப்பாட்டுக் கழிவு மட்டும் அரவை இயந்திரத்துக்குள் போய்க் கூழாகித் தொட்டியில் நிற்கும். கரையை விட்டுப் போதிய தூரம் வந்த பிறகு அதைக் கடலில் விடுவார்கள். அந்தக் கூழில் நகத்துண்டு அளவு பிளாஸ்டிக்கூட இருக்கக் கூடாது.

இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் வேதியியல் படித்தவள். காலையில் நீச்சல் குளத்துத் தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மற்ற நேரம் குப்பை அறையில் இருப்பேன். அங்கே வேலை செய்பவர்களுக்கு அவ்வப்போது வகுப்பும் எடுக்க வேண்டும். அதனால் என் பெயர் டீச்சர். எனக்குக் குரல் எழும்பாது. வகுப்பு தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து யாராவது, "டீச்சர், கொஞ்சம் வால்யூம் வைங்க" என்பார்கள். நான் முகம் சிவந்துபோய் இன்னும் மெதுவாகப் பேசுவேன்.

குப்பை அறைக்குத் தலைவர் சித்தப்பா. உண்மையில் அவர் ஒரே ஒருவனுக்குத்தான் சித்தப்பா. அவர் அண்ணன் மகன் சலவை அறையில் வேலை செய்கிறான். அவன் கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களும் கூப்பிட ஆரம்பித்து, இப்போது அவரைவிட மூத்த மாலுமிகளும் சித்தப்பா என்றுதான் சொல்கிறார்கள்.

அன்று மத்தியானம் பெரிய உணவுக்கூடத்தில் ரொட்டி வாட்டும் இயந்திரத்தில் ஒரு துண்டு மாட்டிக் கருகியது. புகை போய் மணி அடித்தது. பயணிகள் அத்தனை பேரையும் எழுப்பித் திறந்த தளத்துக்குக் கூட்டிப் போனார்கள். தீ இல்லை என்று தெரிந்து திரும்பி வருவதற்குள் பரிமாறுகிறவர்கள் மேசைகளைத் துடைத்து எடுத்திருந்தார்கள். பாதி தின்ற சாப்பாடு எல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் அறைக்கு இறங்கி வந்தது.

எல்லாம் பிரித்து முடித்து, ஆட்கள் மாறி, மேசையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சித்தப்பா எடுத்தார்.

"குப்பை ரூம்... ஆமா... என்னது? பல்லா? யாரு பல்லு?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். "இங்க யாருக்காவது பல்லு கூடுதலா இருக்கா?"

உணவுக்கூடத்தில் ஒரு பயணி தன் பல்செட்டைக் கைத்துணியில் சுற்றி மேசைமேல் வைத்திருக்கிறார். மணி அடித்ததும் எழுந்து போய்விட்டார். வந்து பார்த்தால் மேசை பளிச்சென்று இருக்கிறது.

"டீச்சர், நீ மேல போயி விவரம் கேட்டுட்டு வாம்மா," என்றார் சித்தப்பா. "மேல் செட்டா கீழ் செட்டா, துணியில சுத்தினாரா காகிதத்துலயா. நாங்க இந்த உடுப்போட மேல போனா, வாசனைக்கே மறுபடி மணி அடிச்சுரும்."

அந்தப் பயணியின் அறைக் கதவைத் தட்டினேன். திறந்தவர் உயரமான மனிதர். எழுபது தாண்டியிருக்கும். கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். உள்ளே கட்டிலின் விளிம்பில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கி. அலமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, அதன் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று சொன்னேன்.

"என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார். குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது.

அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார். குரல் வரவில்லை. அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"புரியலைங்க."

மறுபடி அசைத்தார். இந்தத் தடவை மெதுவாக.

"ம்ஹூம்."

மேசைமேல் கிடந்த தாளில் எதையோ எழுதிக் காட்டினார். அந்த அம்மா அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "கோழி கிண்டின மாதிரி இருக்கு. இதுக்கு அதுவே தேவலை."

"முப்பது வருஷம் ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே எழுதின கையி," என்று அவர் என்னிடம் சொன்னார். பல் இல்லாததால் 'பஸ்' என்பது 'பஷ்' என்று வந்தது. "கண்டக்டரா இருந்தேன்மா."

பிறகு அந்த அம்மாவே பேசினார்.

"எனக்குக் காது சுத்தமா போயிடுச்சும்மா. கருவியெல்லாம் வச்சுப் பார்த்தாச்சு, இரைச்சல்தான் வருது. இவர் வாயைப் பார்த்துத்தான் எனக்கு எல்லாம் தெரியும். பஸ்ல கத்திக் கத்தி ஜனங்களை ஏத்தி இறக்கின மனுஷன், எங்கிட்ட சத்தமே போடாம பேசுவாரு. உதடு போதும். இப்ப பாரு, மேலுதடு உள்ள போயி ஒட்டிக்கிச்சு. எதைச் சொன்னாலும் ஒரே மாதிரி தெரியுது."

அவர் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"நான் வரவே மாட்டேன்னேன். நடுக்கடல்ல ஏதாச்சும் ஆனா ஒலிபெருக்கியில சொல்வாங்க, எனக்குக் கேக்காதேன்னு. நான் இருக்கேன்ல, சொல்றேன் வான்னு கூட்டிட்டு வந்தாரு. இன்னிக்கு மணி அடிச்சப்ப கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு, எதுக்குன்னே எனக்குப் புரியலை. இனிமே அடிச்சா? யாரு சொல்லுவா? அடுத்த ஊர்ல கப்பல் நிக்கட்டும், நாங்க இறங்கி வீட்டுக்குப் போறோம். அதுவரைக்கும் நான் இந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"வேற செட் இருக்குங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"வீட்டுல இருக்கு." கதவருகே வந்து மெதுவாகச் சொன்னார். "ரொட்டியில எள்ளு தூவியிருந்தான். ஒண்ணு மேல் செட்டுக்கு அடியில போயிடுச்சு. கழட்டித் துணியில வச்சேன், கழுவிட்டு வரலாம்னு. அதுக்குள்ள மணி. ஹால்ல அத்தனை பேரும் எந்திரிச்சு ஓடுறாங்க. இவ மட்டும் சூப்புல உப்பு கம்மின்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கா. அப்ப நான் பல்லைப் பார்ப்பேனா, இவளைப் பார்ப்பேனா?"

துணி வெள்ளை. பல் மேல்வரிசை. நான் எழுதிக்கொண்டேன். கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். "பார்க்கிறோம்" என்று மட்டும் சொன்னேன்.

படி இறங்கும்போதுதான் தொட்டி நினைவுக்கு வந்தது. நாங்கள் கரையை விட்டு வெகு தூரம் வந்துவிட்டோம். கூழைத் திறந்துவிடும் நேரம். பல் அரைபட்டுக் கூழில் கலந்திருந்தால் அது கடலுக்குப் போகும். பல்செட் அக்ரிலிக். அக்ரிலிக் பிளாஸ்டிக். கடலில் விடவே கூடாத ஒன்றை நாங்கள் விடப்போகிறோம். அதோடு அந்த அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

மீதிப் படிகளை ஓடி இறங்கினேன்.

குப்பை அறைப் போனில் இயந்திரக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். அந்த எண்ணை நான் அதுவரை அழுத்தியதே இல்லை. அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

"கண்ட்ரோல்."

"சார், அந்தச் சாப்பாட்டுக் கூழ்... இப்ப வெளியில விடுறதைக் கொஞ்சம்..."

"யாரு? என்ன வேணும்? சத்தமா பேசும்மா, காதுல விழல."

சித்தப்பா எனக்கு எதிரில் நின்றுகொண்டு, மேளம் அடிப்பவரை உற்சாகப்படுத்துவதுபோலக் கையை மேலே மேலே தூக்கினார்.

"தொட்டியில பிளாஸ்டிக் இருக்கலாம் சார்!"

"எவ்வளவு பெரிசு?"

"ஒரு மேல்தாடை அளவு."

அந்தப் பக்கம் யாருக்கோ உத்தரவு போனது. பிறகு, "நிறுத்தியாச்சு. மேல்தாடைக்காரர் உயிரோட இருக்காருல்ல?" என்று கேட்டார்கள்.

அரவை இயந்திரத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அரைபடாத கனமான பொருட்கள் அதில் விழும். சித்தப்பா மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பெட்டியைத் திறந்தார். கரண்டிகள், ஒரு எலும்பு, பொம்மையின் ஒற்றைச் செருப்பு. பல் இல்லை.

நான் தொட்டியிலிருந்து கூழை வாளி வாளியாக எடுத்துச் சல்லடையில் ஊற்றினேன். வாசனையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது வாளியில் இளஞ்சிவப்பாக ஒரு துண்டு மேலே வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். இறால் ஓடு.

"இந்த மிஷினுக்குள்ள போகலைம்மா," என்றார் சித்தப்பா. "கரண்டி போனா ஒரு சத்தம், எலும்பு போனா ஒரு சத்தம். இன்னிக்கு மத்தியானம் எலும்பு ஒண்ணு, கரண்டி ரெண்டு மூணு. பல்லு கடிபட்டிருந்தா அது வேற மாதிரி கத்தியிருக்கும்."

"நீங்க பல்லு அரைச்ச சத்தம் கேட்டிருக்கீங்களா?"

"எங்க வீட்டுக்காரி தூக்கத்துல நறநறன்னு கடிப்பா."

மத்தியானம் உணவுக்கூடத்துக் குப்பையை யார் பிரித்தது என்று கேட்டேன். எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பெரிய உணவுக்கூடம் எப்போதும் கழுகு அக்காவுக்குத்தான்.

கழுகு அக்கா எங்கள் அறையிலேயே கூர்மையான கண் உள்ளவர். சோற்றுக்குள் ஒளிந்திருக்கும் உறிஞ்சுகுழல் மூடியை மேசையின் அந்தக் கோடியிலிருந்தே பார்த்துவிடுவார். விதிகளிலும் அப்படித்தான். நான் வகுப்பில் சொல்வதை ஒன்று விடாமல் நினைவில் வைத்திருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவர்கூட 'வால்யூம்' என்று கத்த முடியாது. கத்தினால் அக்கா திரும்பிப் பார்ப்பார்.

அவர் வேலை முடிந்து தூங்கப் போயிருந்தார். விடிவதற்கு முன்பே வேலைக்கு வருபவர். எழுப்ப மனம் வரவில்லை. கதவின் முன்னால் கையை ஓங்கிக்கொண்டு நின்றேன். மடியில் உயிர்காப்பு அங்கியோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு தட்டினேன்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கதவைத் திறந்தார். "யாரு, டீச்சரா? கப்பல் முழுகுதா?"

"இல்லக்கா. ஒரு பல்செட்."

"ஆமா, பார்த்தேன். மேல் செட்டு. வெள்ளைத் துணியில இருந்துச்சு. ஒரு எள்ளுகூட ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. "எங்கக்கா வச்சீங்க?"

"எங்க வைப்பேன்? மஞ்சப் பையிலதான்."

மஞ்சள் பை என்றால் மருத்துவக் கழிவு. ஊசி, கட்டுத்துணி, ரத்தம் துடைத்த பஞ்சு. அது நேராக எரியறைக்குப் போகும்.

"ஏன்க்கா மஞ்சப் பையில போட்டீங்க?"

அக்கா இப்போதுதான் கண்ணை முழுசாகத் திறந்தார். "நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். போன பயணத்தில் கப்பலில் வாந்தியும் பேதியும் பரவியது. பயணிகள் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு வகுப்பு எடுத்தேன். சுவரில் ஒரு சுவரொட்டியும் ஒட்டினேன். மனித உடம்பிலிருந்து வந்தது எதுவானாலும், வாயில் இருந்தது எதுவானாலும், கையில் வைத்திருக்காதீர்கள், பயணிகள் தவறவிட்ட பொருட்களுக்கான பெட்டியில் போடாதீர்கள், யோசிக்காதீர்கள், மஞ்சள் பை. 'யோசிக்காதீர்கள்' என்பதற்குக் கீழே கோடும் போட்டிருந்தேன்.

"பல்லு உடம்புல இருந்து வந்ததுதானே?" என்றார் அக்கா. "வாயில இருந்ததுதானே? ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் யோசிக்கக் கூடாதுன்னு நினைவு வந்துச்சு."

அவரை ஒரு சொல் குறை சொல்ல முடியாது. வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே முதல் மாணவி.

"அக்கா, பையை எப்ப எரிப்பாங்க?"

"இந்நேரம் அடுப்பு பத்த வச்சிருப்பான்."

எரியறை அதே தளத்தின் கடைசியில் இருக்கிறது. நான் ஓடினேன். அக்கா இரவு உடையோடு பின்னால் வந்தார். செருப்பை மாற்றிப் போட்டிருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

அங்கே வேலை செய்பவரை அடுப்பு அண்ணன் என்போம். காதை மூடும் பெரிய கவசம் போட்டிருந்தார். உள்ளே விசிறியின் இரைச்சலில் அது இல்லாமல் நிற்க முடியாது. அடுப்பின் கதவு திறந்திருந்தது. தள்ளுவண்டியில் மஞ்சள் பைகள் இருந்தன. அவர் முதல் பையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா! நிறுத்துங்க!"

எனக்கே கேட்கவில்லை. முன்னால் போய் நின்று என் பல்லைக் காட்டி, விரலால் சுட்டினேன். அடுப்பு அண்ணன் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவரும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டு, பையை எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி, வண்டியில் இருந்தவற்றையும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

அடுப்பு அண்ணன் கவசத்தைக் கழற்றி எறிந்தார். "அடிப் பாவி! கீழ போடு! ஊசி இருக்கும் அதுல!"

கழுகு அக்கா வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், "டீச்சர், மஞ்சப் பையை உடம்புல படாமத் தூக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

மூடி முத்திரை போட்ட மஞ்சள் பையைத் திறக்க மருத்துவ அறைக்கு மட்டும்தான் அனுமதி. பைகளை வண்டியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனோம். நர்ஸ் முதலில் என்னை நிற்க வைத்துக் கை, கழுத்து, வயிறு என்று ஊசி குத்திய தடம் தேடினார். ஒன்றும் இல்லை. பிறகு திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே கனத்த கையுறை போட்டார், முகக்கவசம் போட்டார், நீளமான இடுக்கி எடுத்தார்.

"படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது? ஒரு பல்லுக்காக?"

"அவரோட பல்லு இல்ல சிஸ்டர்," என்றேன். "அந்த அம்மாவோட காது."

கண்டக்டரின் அறையில் நடந்ததைச் சொன்னேன். நர்ஸ் திட்டுவதை நிறுத்திவிட்டு இடுக்கியால் தேட ஆரம்பித்தார். குப்பை அறையிலிருந்து வந்த பை சின்னது. பிளாஸ்திரிகள், காதில் விட்ட பஞ்சு, மூக்குத் துடைத்த காகிதம். அடியில் வெள்ளைத் துணி. அதற்குள் முழுசாக, உடையாமல், இளஞ்சிவப்பாக இருந்தது மேல் செட். எள்ளும் அப்படியே ஒட்டியிருந்தது.

கழுகு அக்கா பெருமையாக எங்களைப் பார்த்தார். "சொன்னேன்ல, எள்ளு."

நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு, கருவிகளை நீராவியில் வேகவைக்கும் பெட்டியின் பக்கம் போனார்.

"சிஸ்டர், அதுல வேண்டாம்," என்றேன். "அந்தச் சூட்டுல அக்ரிலிக் வளைஞ்சு போயிடும். திரும்ப அவர் வாயில உட்காராது."

"அப்ப கிருமிக்கு என்ன பண்ணறது?"

முதலில் சோப்புப் போட்டுப் பல்துலக்கியால் தேய்த்தோம். நீர்த்த பிளீச்சிங் கரைசல் தயாரித்து அதில் ஊற வைத்தோம். உலோகம் எதுவும் அந்தச் செட்டில் இல்லை, அதனால் துருப்பிடிக்கும் பயமில்லை. ஊறிய பிறகு குடிநீரில் பலமுறை அலசினோம். கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, நீச்சல் குளத்துக்கு நான் பயன்படுத்தும் மாத்திரையை அதில் போட்டேன். குளோரின் மிச்சம் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். லேசாக மாறியது. மறுபடி அலசினோம். மறுபடி பார்த்தோம். இந்தத் தடவை நிறம் வரவில்லை.

"ஒரு பல்லுக்கு நீச்சல் குளத்து மரியாதை," என்றார் நர்ஸ். மூடி போட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்தார். "எங்க போயிட்டு வந்துச்சுன்னு அவர்கிட்ட மறைக்காமச் சொல்லணும். வேண்டாம்னா வேண்டாம். அது அவர் இஷ்டம்."

வெளியே வந்ததும் கழுகு அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "டீச்சர், அப்ப சுவரொட்டியில எழுதிடுங்க. 'பல்செட் தவிர'ன்னு."

"எழுதறேன்க்கா."

"கண்ணாடிக் கண்ணு வந்தா?"

"அதையும் எழுதறேன்."

"அந்தக் கோடு போட்டிருக்கீங்கல்ல, யோசிக்காதீங்கன்னு. அதையும் கொஞ்சம் யோசிங்க." சொல்லிவிட்டு மாற்றிப் போட்ட செருப்போடு தூங்கப் போனார்.

கண்டக்டர் கதவைத் திறந்ததும் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லணுங்க," என்றேன். சொன்னேன். துணி, மஞ்சள் பை, பிளாஸ்திரி, பஞ்சு, எல்லாம். அது அந்த அக்காவின் தப்பு இல்லை, நான் எழுதிய விதி என்றும் சொன்னேன். எப்படிக் கழுவினோம் என்பதையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் டப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது.

"பஸ்ல ஜனங்க விட்டுட்டுப் போகாத பொருளே இல்லம்மா. குடை, செருப்பு, சமையல் பாத்திரம். ஒரு தடவை கல்யாண வீட்டுக்காரங்க மாப்பிள்ளையையே விட்டுட்டு இறங்கிட்டாங்க. தூங்கிட்டான். அடுத்த நிறுத்தத்துல இறக்கி எதிர் பஸ்ல ஏத்தி அனுப்பினேன். அவனை யாரும் கழுவிக்கூடப் பார்க்கலை, அப்படியே ஏத்துக்கிட்டாங்க. கொண்டா இங்க."

குளியலறைக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்த அம்மா என்னையும் குளியலறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கி இன்னும் மடியில்தான் இருந்தது.

அவர் வெளியே வந்தபோது வேறு ஆளாகத் தெரிந்தார். மேலுதடு அதன் இடத்துக்கு வந்திருந்தது. கட்டிலின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவியின் முகத்துக்கு நேராகப் பேச ஆரம்பித்தார். ஒரு சத்தமும் இல்லை. உதடுகள் மட்டும் வேகமாக, விதவிதமாக அசைந்தன.

என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதை எங்கே போகிறது என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. புருவம் ஏறியது, அது கைத்துணி. முகம் சுளித்தது, மஞ்சள் பை. கையை வாயில் வைத்துக்கொண்டார், அடுப்பு. அவர் ஒரு பையை மார்போடு அணைப்பதுபோல் நடித்துக் காட்டி என் பக்கம் கை நீட்டினார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இடையில் அவர் இன்னும் ஏதோ சொன்னார். அதற்கு அந்த அம்மா அவர் முழங்காலில் ஒரு அடி போட்டார். அது பல்செட் கதையைச் சேர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

சிரித்து ஓய்ந்ததும் தீர்ப்பு வந்தது. "இனிமே சாப்பாட்டு மேசையில கழட்டினீங்க, நானே அடுப்புல போடுவேன்." பிறகு என்னிடம், "அந்தக் கழுகுக் கண்ணுக்காரியை நான் கேட்டேன்னு சொல்லு. எள்ளைப் பார்த்தாளாமே!"

"சொல்றேன்மா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "பொண்ணே, நீ பேசறது எனக்குச் சுத்தமாப் புரியலை. முதல்ல வந்தப்பவும் அப்படித்தான். காது கேக்காததால இல்ல. உன் உதடு அசையவே மாட்டேங்குது. வாயைத் திறந்தா முத்தா கொட்டிடும்? நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சொல்லு."

எனக்குக் காது சூடாகியது. கண்டக்டர் ஒன்றும் செய்யாமல் வேடிக்கை பார்த்தார்.

நான் நிமிர்ந்தேன். அந்த அம்மாவின் கண்கள் என் வாயின்மேல் இருந்தன. யாரும் என் பேச்சுக்காக அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"மணி அடிச்சா, நானும் வந்து உங்களுக்குச் சொல்றேன்."

அந்த அம்மா நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்.

"மணி அடிச்சா நீயும் வந்து சொல்லுவியா?"

"ஆமாம்மா."

"எங்க இருந்து வருவ? அடித்தளத்துல இருந்தா?"

"ஓடி வருவேன்."

"ஓடுவா," என்று கண்டக்டர் வாயசைத்தார். அதை மட்டும் என்னாலும் படிக்க முடிந்தது.

அந்த அம்மா உயிர்காப்பு அங்கியின் வார்களை ஒழுங்காகச் சுற்றினார். அங்கியைக் கணவரிடம் நீட்டினார். "எடுத்து அலமாரியில வைங்க. முடி சீவிட்டு வர்றேன், மேல்தளத்துக்குப் போகலாம். மத்தியானச் சாப்பாட்டுல உப்பே இல்ல. ராத்திரிக்காவது போடுறானா பார்ப்போம்."

அவர் அங்கியை வாங்கி உள்ளே வைத்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முப்பது வருஷப் பழக்கத்தில், முழுத் தொண்டையில் கத்தினார்.

"போலாம்... ரைட்!"

எதிர் அறைக் கதவு திறந்தது. ஒரு பயணி தலையை நீட்டி, ஏதாவது அறிவிப்பா என்று கேட்டார்.